போர்க்காலப் படைச்சேவை அழைப்பாணை: சட்டம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது?

செட்டிநாட்டில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்ய, போன தலைமுறையின் காலத்தில் பர்மா, மலாயா, சிங்கப்பூர், இலங்கை, சைகோன் என்றிருந்த பெயர்களோடு இன்று அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் வளைகுடாவும் சேர்ந்துவிட்டன; மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகளால் உக்ரைன், ரஷ்யா, ஜார்ஜியா ஆகிய பெயர்களும் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வீடுகளில் பழகிப்போயிருக்கின்றன. அங்கெல்லாம் எங்காவது போர் மூண்டது என்று செய்தி வந்தால், "எங்க பேரனையும் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுருவாகளா?" என்று அப்பத்தாமார் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் விடை உண்டு. ஆனால் அந்த விடை பேரன் எந்த நாட்டில் இருக்கிறான் என்பதை மட்டும் பொறுத்ததன்று. அவன் அங்கே எந்தத் தகுதியில் வசிக்கிறான், அவனுக்கு வந்த தாள் எந்த வகையைச் சேர்ந்தது, அதை யார், எப்படி அவனிடம் சேர்த்தார்கள் என்பவற்றையும் பொறுத்தது. அழைப்பாணை என்பது ஒருவரைப் படைவீரராக மாற்றிவிடும் தாள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் அது ஒரு குறிப்பிட்ட நாளில் ஓர் அலுவலகத்துக்கு வந்து, சட்டம் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லுமாறு விதிக்கும் தாள். அழைப்பதற்கு அரசுக்கும் விதிகள் உண்டு, பதில் சொல்வதற்கு அழைக்கப்பட்டவருக்கும் விதிகள் உண்டு.

கடப்பாடு, பதிவு, அழைப்பு

கட்டாயப் படைச்சேவை நடைமுறையில் உள்ள நாடுகளில் மூன்று படிகளைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். முதலாவது கடப்பாடு: இந்த வயது முதல் இந்த வயது வரை உள்ள இன்னார் படைச்சேவைக்கு உட்பட்டவர்கள் என்று நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் பொதுவாகச் சொல்லிவிடுகிறது. இரண்டாவது பதிவு: அப்படி உட்பட்டவர்கள் தங்கள் பெயர், முகவரி, உடல்நிலை, கல்வி, தொழில் ஆகிய விவரங்களைப் பட்டியலில் சேர்த்து, மாற்றம் வரும்போது திருத்த வேண்டும். மூன்றாவதுதான் அழைப்பு. முதல் இரண்டு படிகளும் அமைதிக் காலத்திலேயே நடப்பவை. போர் வரும்போது அரசு படைத்திரட்டு ஆணை பிறப்பிக்கிறது, அந்த ஆணையின் பலத்தில்தான் தனித்தனி ஆட்களின் பெயருக்கு அழைப்பாணைகள் புறப்படுகின்றன. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் போர் அறிவித்த 1939 செப்டம்பர் 3ஆம் நாளிலேயே 18 முதல் 41 வயது வரையிலான ஆண்களைக் கடப்பாட்டுக்குள் கொண்டுவரும் சட்டமும் நிறைவேறியது. ஆனால் வயது வாரியாகப் பதிவு செய்து, மருத்துவச் சோதனை முடித்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அறிவிப்பு அனுப்பிய பிறகே அவர்கள் படையில் சேர்க்கப்பட்டார்கள்.

இந்தியாவில் கட்டாயப் படைச்சேவை இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த 25 லட்சத்துக்கும் அதிகமானோர் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள். 1940இல் இங்கே இயற்றப்பட்ட கட்டாயச் சேவைச் சட்டம் இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பிய பிரிட்டிஷ் குடிகளுக்கு மட்டுமே பொருந்தியது. விடுதலைக்குப் பிந்தைய அரசியலமைப்பு அந்தக் கதவை முழுதாகச் சாத்திவிடவில்லை. கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் 23ஆம் உறுப்பின் இரண்டாம் கூறு, பொது நோக்கங்களுக்காகக் கட்டாயச் சேவை விதிக்க அரசுக்கு இடம் தருகிறது. அப்படி விதிக்கும்போது மதம், இனம், சாதி, வகுப்பு ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது. 51ஏ உறுப்பு, அழைக்கப்படும்போது நாட்டைப் பாதுகாப்பதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக வைக்கிறது. ஆயினும் இவற்றைக் காட்டி யாருக்கும் அழைப்பாணை அனுப்ப முடியாது. அதற்கென நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டும், பொதுமக்களைப் படையில் சேர்க்கும் அத்தகைய சட்டம் இன்று இல்லை. 2025 மே மாதம் பிராந்தியப் படையினரை அழைக்கத் தரைப்படைத் தலைமைத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் அளித்தபோது, ஊரில் உள்ள இளைஞர்களையெல்லாம் கூப்பிடப் போகிறார்கள் என்று பலர் கலங்கினார்கள். பிராந்தியப் படை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தாமாகச் சேர்ந்து, சொந்தத் தொழிலையும் பார்த்துக்கொண்டு பயிற்சி பெறுபவர்களின் படை. அவர்களையும், அழைத்தால் திரும்பி வர வேண்டும் என்ற ரிசர்வ் கடப்பாட்டோடு ஓய்வுபெற்ற வீரர்களையும் அழைப்பது முன்பே ஒப்புக்கொண்ட கடமையை நினைவூட்டுவதாகும். மற்றவர்களை அது தொடாது.

தாளில் என்ன இருக்க வேண்டும்

போர் நடந்துகொண்டிருக்கும்போதே அழைப்பாணையின் விதிகளை விரிவாக எழுதிவைத்த நாடாக உக்ரைனைச் சொல்லலாம் என்பதால், அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 2022 பிப்ரவரி 24 முதல் அங்கே போர்க்காலச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரையிலான ஆண்கள், சில விலக்குகள் தவிர, நாட்டை விட்டு வெளியேற முடியாது என்றிருந்தது; 2025 ஆகஸ்டில் 18 முதல் 22 வயது வரையிலானோருக்கு அந்தத் தடை நீக்கப்பட்டது. படைக்கு அழைக்கப்படும் குறைந்த வயது 2024 ஏப்ரலில் 27இலிருந்து 25ஆகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு மே 18இல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், கடப்பாட்டுக்கு உட்பட்ட ஒவ்வொருவரும் 60 நாட்களுக்குள் தம் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்றது. நேரில் போகலாம், அல்லது அரசு வெளியிட்ட கைபேசிச் செயலியின் வழியே செய்யலாம். அழைப்பாணை எப்படி அமைய வேண்டும் என்பதை 2024 மே 16 நாளிட்ட அமைச்சரவையின் 560ஆம் எண் தீர்மானம் வகுத்தது.

அந்தத் தாளைக் கையில் வைத்துப் பார்ப்போம். அழைக்கப்படுபவரின் பெயரும் பிறந்த நாளும் இருக்க வேண்டும். அனுப்பிய ஆள்சேர்ப்பு மையத்தின் பெயர், வர வேண்டிய இடம், நாள், மணி, அதிகாரியின் கையொப்பம், பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். வராவிட்டால் என்ன ஆகும் என்பதும், வர இயலாத காரணத்தைத் தெரிவிக்கும் கடமையும் அதிலேயே விளக்கப்பட்டிருக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமான ஒரு வரி, எதற்காக அழைக்கிறார்கள் என்பது. விவரங்களைச் சரிபார்க்க அழைப்பது ஒன்று, மருத்துவக் குழுவின் முன் நிற்க அழைப்பது வேறொன்று, படைப்பிரிவுக்கு அனுப்பிவைக்க அழைப்பது மூன்றாவது. மூன்றும் ஒரே பெயரில், ஒரே அலுவலகத்திலிருந்து வரக்கூடியவை. சரிபார்க்க வந்த அழைப்பைப் போர்முனைக்கு வந்த அழைப்பாக நினைத்து ஓடி ஒளிபவர், செய்யாத குற்றத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார். தாளைப் பெற்றவுடன் படிக்க வேண்டிய முதல் வரி அதுதான் என்பேன்.

நேரில் கொடுக்கும்போது பெறுபவரின் கையொப்பத்தை வாங்க வேண்டும். அவர் வாங்க மறுத்தால் அதைக் குறித்து அங்கேயே பதிவறிக்கை எழுத வேண்டும். கொடுக்கும் நிகழ்வை ஒளிப்படமாகவும் காணொளியாகவும் பதிவு செய்வதற்கும் விதி இருக்கிறது. தெருவில் ஆட்களை நிறுத்தி இழுத்துச் செல்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அந்த நாட்டிலேயே பலமாக எழுந்த பின்னணியில், இந்தப் பதிவு அழைக்கப்பட்டவருக்கும் சான்று, அதிகாரிக்கும் சான்று.

பூட்டிய வீட்டுக்கு வந்த தபால்

அழைப்பாணைச் சட்டத்தில் மிகுதியாகத் தகராறு எழும் இடம் சார்வு, அதாவது தாள் உரியவரைச் சேர்ந்ததாகச் சட்டம் எப்போது கருதும் என்ற கேள்வி. இதை விளங்கிக்கொள்ளச் செட்டிநாட்டுக்காரர்களுக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ உள்ள ஒரு வளவை எண்ணிப் பாருங்கள். ஐந்தாறு புள்ளிகளுக்கு, அதாவது ஐந்தாறு குடும்பங்களுக்கு, பங்குள்ள வீடு. பங்காளிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள், பொங்கலுக்கோ வீட்டுப் படைப்புக்கோதான் கதவு திறக்கிறது. முகப்பில் காவலுக்கு ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். பாகப்பிரிவினை வழக்கு ஒன்றில் சம்மனை எடுத்துக்கொண்டு நீதிமன்ற ஊழியரான அமீனா அங்கே போகிறார். காவலாளியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் அது செல்லாது. குடும்பத்தைச் சேர்ந்த வயதுவந்தவரிடம் கொடுக்கலாம், வேலைக்காரர் குடும்பத்தினர் ஆகமாட்டார் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 5ஆம் கட்டளை தெளிவாகச் சொல்கிறது. உரிய முயற்சிக்குப் பின்னும் ஆள் அகப்படாவிட்டால் அந்தத் தேக்குக் கதவில் சம்மனை ஒட்டிவிட்டு, யார் முன்னிலையில் ஒட்டினார் என்று அமீனா அறிக்கை எழுதுவார். தபாலில் அனுப்புவதற்கும் இத்தகைய கருதுகோள் உண்டு: சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பினால், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை அது சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது 1897ஆம் ஆண்டுப் பொதுக்கூறுகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு. 'கதவு பூட்டியிருந்தது' என்று தபால்காரர் எழுதித் திருப்பிய உறையைக் காட்டி, எனக்கு வரவே இல்லை என்று சொல்லித் தப்பிப்பது எளிதன்று.

படைச்சேவை அழைப்பாணையும் இதே வழியில்தான் போகிறது. போர்க்காலத்தில் வழி இன்னும் குறுகிவிடுகிறது. உக்ரைனில் பதிவுத் தபாலில் வரும் அழைப்பாணையை வாங்கிய நாள் சார்வு நாளாகும். வாங்க மறுத்தால், மறுத்ததாகத் தபால்காரர் குறித்த நாள் சார்வு நாள். அந்த முகவரியில் ஆள் இல்லையென்றால், இல்லை என்று அவர் குறித்த நாளே சார்வு நாள். முகவரி என்பது விவரம் புதுப்பித்தபோது அவரே கொடுத்தது. கொடுக்காவிட்டால் அரசுப் பதிவேட்டில் உள்ள பழைய முகவரி. ஆகவே வீடு மாறியவர் புது முகவரியைத் தெரிவிக்காமல் இருந்தால், தாம் பார்த்தேயிராத ஒரு தாளுக்குப் பதில் சொல்ல வேண்டியவராகிறார். இது கடுமையான விதி என்றே நான் கருதுகிறேன். உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்து, குண்டுக்குத் தப்பி உறவினர் வீடுகளில் தங்கியிருக்கும் லட்சக்கணக்கானோருக்கு இது அநியாயமாகவும் முடியலாம். ஆனால் பதிவு என்ற இரண்டாம் படியை அந்த நாடு ஏன் அவ்வளவு வற்புறுத்தியது என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது.

ரஷ்யா 2023 ஏப்ரலில் இயற்றிய சட்டத்தால் தபால்காரரையும் விலக்கிவிட்டது. மின்னணுப் பதிவேட்டில் அழைப்பாணை ஏற்றப்பட்டு ஏழு நாள் கடந்தால், உரியவர் திறந்து பார்த்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அது சேர்ந்ததாகக் கருதப்படும்; நாட்டை விட்டு வெளியேறுவதற்கும் தடை வந்துவிடும். குறித்த நாளிலிருந்து 20 நாட்களுக்குள் வராதவர் வண்டி ஓட்டவோ, வீடு நிலம் பதிவு செய்யவோ, கடன் பெறவோ முடியாது. வங்கியிலும் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் ஒருவரை நிறுத்திவைக்க முடிந்தால், வீட்டு வாசலுக்கு ஆள் அனுப்ப வேண்டியதே இல்லை.

போனால் என்ன, போகாவிட்டால் என்ன

அழைப்பாணையின்படி போவது படையில் சேரச் சம்மதிப்பதாகாது. போன பிறகுதான் மருத்துவச் சோதனை நடக்கும். விலக்குக்கும் ஒத்திவைப்புக்கும் உரிய ஆவணங்களைக் காட்டும் வாய்ப்பும் அங்கேதான் கிடைக்கும். விலக்கு என்பது கடப்பாட்டிலிருந்தே விடுபடுவது. ஒத்திவைப்பு என்பது காரணம் நீடிக்கும் வரை அழைக்காமல் இருப்பது. உக்ரைனில் 18 வயதுக்குக் குறைந்த மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளை வளர்ப்பவர், துணையின்றித் தனியே பிள்ளை வளர்ப்பவர், மாற்றுத்திறனாளி, மாற்றுத்திறனாளியான நெருங்கிய உறவினரைப் பராமரிப்பவர், நிபந்தனைகளுக்கு உட்பட்டு முழுநேர மாணவர் ஆகியோருக்கு ஒத்திவைப்பு உண்டு. இந்த உரிமை தானாக வருவதில்லை. சான்றிதழோடு கேட்க வேண்டும், காலம் முடியும்போது அது புதுப்பிக்கப்பட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறித்த நாளில் வர முடியாமல் போவதற்கும் சட்டம் இடம் விட்டிருக்கிறது. நோய், இயற்கைப் பேரிடர், போர் நடவடிக்கை, நெருங்கிய உறவினரின் மரணம் ஆகியவை ஏற்கத்தக்க காரணங்கள். ஆனால் மூன்று நாட்களுக்குள் காரணத்தைத் தெரிவித்து, அதன் பின் ஏழு நாட்களுக்குள் நேரில் வர வேண்டும். நீதிமன்றத்தில் வாய்தா கேட்பவர்கள் அறிந்த நியதிதான்: காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், சொல்லாமல் இருந்துவிட்டால் அது காரணமாக எண்ணப்படாது.

போகாதவருக்கு உள்ள தண்டனையும் படிப்படியானது. அழைப்பாணையைப் பொருட்படுத்தாதது முதலில் நிர்வாகக் குற்றம். உக்ரைனில் அதற்கு அபராதம் 17,000 முதல் 25,500 ஹ்ரீவ்னியா வரை. ஆள்சேர்ப்பு மையம் கேட்டுக்கொண்டால் ஓட்டுநர் உரிமையை நீதிமன்றம் நிறுத்திவைக்கலாம். மருத்துவச் சோதனையில் தகுதி பெற்று, படைப்பிரிவுக்குப் போக வேண்டிய நிலையில் ஏய்ப்பது குற்றவியல் சட்டத்தின் 336ஆம் பிரிவின் கீழ் வருகிறது; அதற்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. முதல் படியில் பணத்தோடு முடியக்கூடியது, கடைசிப் படியில் சிறையில் முடிகிறது.

மனச்சான்றின் பேரில் மறுப்பவர்

உடல்நலமும் வயதும் பொருந்தி, குடும்பக் காரணமும் இல்லாத ஒருவர், கொல்வது பாவம் என்று நம்புவதால் ஆயுதம் ஏந்த மாட்டேன் என்றால் சட்டம் என்ன செய்யும்? இக்கேள்வியைச் சட்டம் இன்னும் முழுமையாகத் தீர்த்துவிடவில்லை. பிரிட்டன் 1916இல் முதன்முதலாகக் கட்டாயச் சேவை கொண்டுவந்தபோதே மனச்சான்று மறுப்பாளர்களுக்கு இடம் விட்டு, அவர்களை விசாரிக்கத் தீர்ப்பாயங்களை அமைத்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011இல், ஆர்மீனியாவுக்கு எதிராக பயாத்யான் தொடுத்த வழக்கில், மனச்சான்றின் பேரிலான மறுப்பு மதச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்குள் வருகிறது என்று தீர்ப்பளித்தது. தென்கொரியாவில் மறுப்பவர்களை ஆண்டாண்டாகச் சிறைக்கு அனுப்பிவந்த நிலையை, மாற்றுச் சேவைக்கு வழி செய்யாதது அரசியலமைப்புக்கு முரண் என்று 2018இல் அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் கூறி மாற்றியது. இப்போது அவர்கள் 36 மாதம் சிறைச்சாலைகளில் தங்கிப் பணிபுரிகிறார்கள்.

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் வழக்கு குத்துச்சண்டையை வைத்துப் பேசப்படும் அளவுக்குச் சட்டத்தை வைத்துப் பேசப்படுவதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. 1967 ஏப்ரல் 28இல் ஹூஸ்டன் நகரில் படைச்சேர்ப்பு நிகழ்வில் அவர் பெயரைக் கூப்பிட்டபோது அவர் முன்வர மறுத்தார். அழைப்பாணைக்குக் கட்டுப்பட்டு அந்த இடத்துக்கு அவர் வந்தார், சேர்வதற்குத்தான் மறுத்தார். ஐந்தாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் இருந்தபடியே நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1971 ஜூன் 28இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. வியட்நாம் போர் நியாயமா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. அவருடைய விலக்குக் கோரிக்கையை மறுத்த மேல்முறையீட்டுக் குழு, எந்தக் காரணத்தால் மறுத்தது என்று எழுதவில்லை. நீதித்துறை அமைச்சகம் அக்குழுவுக்குச் சொன்ன காரணங்களில் பிழையானவையும் இருந்தன. பிழையான காரணத்தைக் கொண்டு மறுத்திருக்கவும் கூடும் என்பதால் தண்டனை நிற்காது என்றது. போருக்கு ஆள் திரட்டும் அதிகாரியும் தம் முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும் என்பதை உலகப் புகழ்பெற்ற ஒருவரின் வழக்கு உணர்த்தியது.

ஆனால் போரின் நடுவே இந்த உரிமை மெலிந்துபோவதையும் சொல்லியாக வேண்டும். உக்ரைனின் அரசியலமைப்பு மாற்றுச் சேவையைக் குறிப்பிடுகிறது. என்றாலும் அதற்கான சட்டம் அமைதிக்காலக் கட்டாயச் சேவையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது, போர்க்காலப் படைத்திரட்டில் மறுத்தவர்கள் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள்.

யாரை அழைக்க முடியாது

எல்லா நாட்டுக்கும் பொதுவான சில வரம்புகளைப் பன்னாட்டுச் சட்டம் வகுத்திருக்கிறது. பகைநாட்டுக் குடிமக்களை அவர்களுடைய சொந்த நாட்டுக்கு எதிராகப் போரிடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1907ஆம் ஆண்டு ஹேக் விதிகள் சொல்கின்றன. ஆக்கிரமித்த பகுதியின் மக்களைத் தன் படையில் சேருமாறு வற்புறுத்தக் கூடாது, சேரத் தூண்டும் அழுத்தமும் பிரசாரமும்கூடக் கூடாது என்று 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை 51ஆம் உறுப்பில் தடுக்கிறது; அம்மக்களைப் போர் நடவடிக்கையில் ஈடுபடுத்தும் வேலைகளுக்கு அனுப்புவதையும் அதே உறுப்பு தடுக்கிறது. 1942, 43ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்ட தமிழ்த் தொழிலாளர்களை நினைத்துக்கொண்டு அந்த உறுப்பைப் படிக்கும்போது அதன் ஒவ்வொரு வரியும் கனக்கிறது. 18 வயது நிறையாதவரைக் கட்டாயமாகச் சேர்ப்பதை 2000ஆம் ஆண்டு ஐ.நா. நெறிமுறை தடைசெய்கிறது, 15 வயதுக்குக் குறைந்தவரைச் சேர்ப்பது போர்க்குற்றம்.

படிக்கவும் தற்காலிக வேலைக்கும் போனவர்கள் இந்தியக் குடிமக்களாகவே இருக்கும் வரை, அவர்களை அந்த நாட்டின் கட்டாயச் சேவைச் சட்டம் தொடாது என்பதே பொது நிலை. மாணவர் விசாவில் ஜார்ஜியாவில் படிக்கும் பேத்திக்கோ, வேலை அனுமதியில் ரியாத்தில் இருக்கும் மகனுக்கோ அழைப்பாணை வருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அச்சத்துக்கு இடமுள்ளது குடியுரிமையும் நிரந்தரவாசமும் பெற்றவர்களுக்குத்தான். அவர்கள் செட்டிநாட்டில் குறைவாக இல்லை.

சிங்கப்பூர், பர்மா, அமெரிக்கா

சிங்கப்பூரில் தேசியச் சேவை 1967இல் தொடங்கியது. 1970ஆம் ஆண்டுப் படைச்சேர்ப்புச் சட்டம் அதன் இன்றைய அடிப்படை. குடிமகன், நிரந்தரவாசி ஆகிய இருவருமே அதற்கு உட்பட்டவர்கள். வேலை நிமித்தம் தாமே விண்ணப்பித்து நிரந்தரவாசம் பெற்ற தந்தைக்கு விலக்கு கிடைக்கிறது; அவருடைய ஆதரவில் நிரந்தரவாசம் பெற்ற மகனுக்குக் கிடைப்பதில்லை. 'இவன் இந்தியப் பாஸ்போர்ட்தானே வச்சிருக்கான்' என்று பெரியவர்கள் ஆறுதலடைகிறார்கள். சட்டம் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, நிரந்தரவாசத்தைப் பார்க்கிறது. பதினாறரை வயதில் பதிவு, பிறகு மருத்துவச் சோதனை, 18 வயதையொட்டிச் சேர்ப்பு அறிவிப்பு, இரண்டாண்டு முழுநேரச் சேவை என்று அது போகிறது. 13 வயதிலிருந்தே மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க வெளியேறல் அனுமதி வேண்டும். பையனைக் காரைக்குடியில் தாத்தாவீட்டில் விட்டுப் படிக்கவைக்க நினைக்கும் பெற்றோர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அறிவிப்பைப் பொருட்படுத்தாவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஏய்ப்பு நீள நீளத் தண்டனையும் நீளும் என்று உயர் நீதிமன்றம் 2017இல் அளவுகோல் வகுத்தது. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைக் கைவிடுபவர் பின்னாளில் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பித்தால் அது பாதகமாகக் கணக்கில் கொள்ளப்படும். குடும்பத்தாரின் மறுநுழைவு அனுமதிப் புதுப்பிப்பையும் அது பாதிக்கலாம்.

முழுநேரச் சேவை முடிந்த பிறகும் 40 வயது வரை, அதிகாரிகளாக இருந்தவர்களுக்கு 50 வரை, தயார்நிலைக் கடமை தொடர்கிறது. நெருக்கடியில் அவர்களை அழைக்கும் முறை வேறுவிதமானது. தனிப்பட்ட செய்தியாகவும் அழைப்பு வரலாம். அல்லது படைப்பிரிவுகளின் குறிச்சொற்களைத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் திரையரங்கிலும் வெளியிட்டு எல்லாரையும் ஒரே நேரத்தில் அழைக்கலாம். தம் பிரிவின் குறிச்சொல் ஒலிபரப்பானால் அதுவே அழைப்பாணை. தாள் எதுவும் வராது. இதை அமைதிக் காலத்திலேயே ஒத்திகை பார்க்கிறார்கள்.

பர்மாவில் 2010இல் எழுதிவைத்து உறங்கிக்கிடந்த மக்கள் படைச்சேவைச் சட்டத்தை 2024 பிப்ரவரி 10இல் ராணுவ ஆட்சி எழுப்பியது. 18 முதல் 35 வயது வரையிலான ஆண்களும் 18 முதல் 27 வரையிலான பெண்களும் இரண்டாண்டு சேவைக்கு உட்பட்டவர்கள்; மருத்துவர் போன்ற தொழில்வல்லுநருக்கு வயது வரம்பும் காலமும் கூடுதல்; நெருக்கடிநிலையில் சேவையை ஐந்தாண்டு வரை நீட்டிக்கலாம். 1942இல் திரும்பிவராமலும் 1960களின் வெளியேற்றத்துக்குத் தப்பியும் அங்கேயே தங்கிக் குடியுரிமை பெற்ற தமிழர்களின் பிள்ளைகளும் இதற்குள் வருகிறார்கள். சட்டப் புத்தகத்தில் துறவிகளுக்கும் திருமணமான பெண்களுக்கும் விலக்கும், மாணவருக்கும் முதிய பெற்றோரைப் பராமரிப்பவருக்கும் ஒத்திவைப்பும் உண்டு. ஆனால் மேல்முறையீட்டைக் கேட்கச் சுதந்திரமான நீதிமன்றம் இல்லாத இடத்தில் விலக்கு என்பது அதிகாரியின் தயவாகச் சுருங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் 1973க்குப் பின் யாரும் கட்டாயமாக அழைக்கப்படவில்லை. எனினும் 18 முதல் 25 வயது வரையிலான ஆண்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் உட்பட, பதிவுப் பட்டியலில் இருக்க வேண்டும். மாணவர் விசாவிலும் எச்1பி விசாவிலும் முறையாக இருப்பவர்கள் வேண்டியதில்லை.

அழைப்பாணை வேறு, ஒப்பந்தம் வேறு

அழைப்பாணையே வராமல் போர்முனையில் சிக்கிய இந்தியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரஷ்யாவில் உதவியாளர் வேலை, நல்ல சம்பளம் என்று முகவர்கள் அனுப்பிவைத்த இளைஞர்கள் அங்கே படைச்சேவை ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டு உக்ரைன் எல்லைக்கு அனுப்பப்பட்டார்கள், சிலர் உயிரிழந்தார்கள். 2024 மார்ச்சில் சிபிஐ வழக்குப் பதிந்து சோதனை நடத்திய ஊர்களில் சென்னையும் மதுரையும் இருந்தன. வெளிநாட்டவரைக் கட்டாயமாக அழைக்க முடியாது என்ற பாதுகாப்பு, தாமாகச் சேர்ந்ததாக ஒரு கையெழுத்து விழுந்தவுடன் பயனற்றுப் போகிறது. அழைப்பாணைக்கு எதிராக விலக்கு கேட்கலாம். ஒப்பந்தத்துக்கு எதிராக ஏமாற்றத்தைத்தான் மெய்ப்பிக்க வேண்டும், அதையும் போர்முனையில் நின்றுகொண்டு மெய்ப்பிக்க வேண்டும். தெரியாத மொழியில் உள்ள எந்தத் தாளிலும், அதன் மொழிபெயர்ப்பைத் தூதரகத்துக்கோ வீட்டுக்கோ அனுப்பிப் படித்துக்கொள்ளாமல் கையெழுத்திடக் கூடாது.

உண்மையான அழைப்பாணை வந்துவிட்டவர் உறையைத் தூக்கி எறியக் கூடாது. அதன் மேல் உள்ள அஞ்சல் முத்திரையின் நாள் சார்வு நாளைக் கணக்கிட உதவும். எந்த அலுவலகம், எந்தச் சட்டப் பிரிவு, எதற்கான அழைப்பு, எந்த நாள் என்ற நான்கையும் குறித்துக்கொண்டு, அந்த நாட்டு வழக்கறிஞர் ஒருவரைக் குறித்த நாளுக்கு முன்பே பார்க்க வேண்டும். போக இயலாவிட்டால் மருத்துவச் சான்றோடு எழுத்துவழியாகத் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவருக்கு, கையில் வெளிநாடுவாழ் இந்தியர் அட்டை இருந்தாலும், அந்த நாட்டின் படைச்சேவை விஷயத்தில் இந்தியத் தூதரகம் தலையிட முடியாது. அவருக்குள்ள வழி அந்த நாட்டுச் சட்டம் தரும் மேல்முறையீடு மட்டுமே, அதற்கான காலக்கெடு பெரும்பாலும் நாட்கணக்கில்தான் இருக்கும்.